ஒரு சாறும் மூன்று கறியும்: ஜப்பானியர் வீட்டு உணவு திருந்திய வரலாறு

(கிராம மாதர் நலப் பணியாளர்களிடையே நிகழ்த்திய உரை)



உலகில் நெடுநாள் வாழும் மக்கள் யாவர் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஜப்பானியரின் பெயர் முன்னே வந்து நிற்கிறது. இன்று அந்நாட்டுப் பெண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 87 ஆண்டுகள். ஆண்களின் ஆயுள் 81 ஆண்டுகள். இதைக் கேட்டவுடன் நம்மில் பலர், "அது அவர்கள் பிறவியிலேயே பெற்ற பேறு, அவர்கள் நாட்டுத் தண்ணீரின் குணம்" என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். ஆனால் 1947ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்ப்போமாயின், அதே ஜப்பானில் ஆண்களின் சராசரி ஆயுள் 50 ஆண்டுகளாகவும், பெண்களின் ஆயுள் 54 ஆண்டுகளாகவுமே இருந்தது தெரியவரும். ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நாட்டின் தண்ணீரும் மாறவில்லை. மக்களின் இரத்தமும் மாறவில்லை. மாறியவை பல. நோய்த் தடுப்பு முறைகள் பெருகின. 1961இல் நாட்டு மக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைத்தது. இவற்றோடு வீட்டு அடுக்களையும் மாறியது. அந்த அடுக்களை மாறிய வரலாற்றையே இன்று நாம் உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். கிராமத்து வீடுகளில் புகுந்து பணியாற்றும் உங்களுக்கு அதில் கொள்ளத்தக்கவை சில உண்டு என்பது நம் கருத்து.

முதலில் அவர்கள் உண்ணும் முறையைக் காண்போம். ஜப்பானியரின் வீட்டு உணவுக்கு இலக்கணம் போன்ற ஒரு வழக்கு உண்டு. அதனை 'இச்சிஜூ சன்சாய்' என்பார்கள். ஒரு சாறு, மூன்று கறி என்பது அதன் பொருள். ஒரு கிண்ணம் சோறும் சிறிது ஊறுகாயும் சொல்லாமலே உடன் வரும். சாறு என்பது பெரும்பாலும் 'மிசோ' கரைத்த சாறு. சோயா மொச்சையை வேகவைத்து, உப்பும், பூஞ்சணம் ஏற்றிய அரிசி அல்லது வாற்கோதுமையும் சேர்த்துப் பல மாதங்கள் புளிக்க வைத்த விழுதே மிசோ. உலர்ந்த கடற்பாசியையும் உலர்த்திய மீனையும் நீரில் ஊறவிட்டோ காய்ச்சியோ எடுத்த வடிநீரில் அந்த விழுதைக் கரைத்து, காய்கறித் துண்டுகளும் 'தோஃபு' என்னும் சோயாக் கட்டியும் இட்டு இறக்குவார்கள். அந்த வடிநீரின் சுவைக்குக் காரணமான பொருளை 1908இல் கண்டறிந்தவர் இக்கேதா கிக்குனாயே என்னும் ரசாயனப் பேராசிரியர். மூன்று கறிகளில் ஒன்று மீனாகவோ முட்டையாகவோ சோயாப் பண்டமாகவோ இருக்கும். மற்ற இரண்டும் காய், கிழங்கு, கீரை, கடற்பாசி ஆகியவற்றால் ஆனவை. ஒவ்வொன்றும் சிறு கிண்ணத்தில் சிறிதளவே வைக்கப்படும்.

உண்ணத் தொடங்குமுன் அவர்கள் கைகூப்பி 'இததாகிமாஸ்' என்று சொல்வார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். வயிறு முட்ட உண்ணாமல் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்தவுடன் எழுந்துவிட வேண்டும் என்பது அவர்களிடையே வழங்கும் முதுமொழி. 1713இல் கைபாரா எக்கிக்கென் என்ற அறிஞர் தம் முதுமையில் எழுதிய 'யோஜோகுன்' என்னும் நலவாழ்வு நூலும் மிதமாக உண்பதையே வற்புறுத்துகிறது. பருவத்துக்கு ஏற்ற உணவு என்பதையும் அவர்கள் போற்றுகிறார்கள். புத்தாண்டு பிறந்த ஏழாம் நாள், ஏழு வகை இளங்கீரைகள் இட்ட அரிசிக் கஞ்சியை உண்பது இன்றும் உள்ள வழக்கம். இவற்றையெல்லாம் உள்ளடக்கிய ஜப்பானிய உணவு மரபை 2013ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

இவ்வளவையும் கேட்டால், பழமையை அப்படியே காத்தமையால்தான் அவர்கள் நலம் பெற்றார்கள் என்று தோன்றும். உண்மை அதுவன்று. ஒரு சாறும் மூன்று கறியும் எல்லா வீட்டிலும் எல்லா நாளும் இருந்ததில்லை. போருக்கு முன் ஏழை உழவர் வீட்டில் வாற்கோதுமையோ சிறுதானியமோ கலந்த சோறும், மிசோ சாறும், உப்பு மிகுந்த ஊறுகாயுமே அன்றாட உணவு. மீன் என்பது திருநாள் பண்டம். இந்த மரபில் இருந்த இரு பெருங் குறைகளை அவர்கள் கண்டறிந்து களைந்த வரலாறே நமக்குப் பாடமாவது.

முதற் குறை வெள்ளை அரிசி. பழங்காலத்தில் எதோ நகரத்துக்கு, இன்றைய டோக்கியோவுக்கு, வெளியூர்களிலிருந்து வந்து தங்கிய போர்வீரர்களுக்குக் கால் வீங்கி மரத்துப்போகும் நோய் கண்டது. ஊர் திரும்பியதும் அது நீங்கியது. ஆகவே அதற்கு 'எதோ நோய்' என்றே பெயரிட்டார்கள். நன்கு தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு நகரத்துச் செல்வ வாழ்வின் அடையாளம். நோயும் அந்தச் சோற்றோடு வந்தது. அதுவே 'காக்கே' எனப்படும் பெரிபெரி நோய்.

1882ஆம் ஆண்டின் இறுதியில் 'ரியூஜோ' என்னும் போர்க்கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா ஆகிய இடங்களுக்குப் பயணம் புறப்பட்டது. கப்பலில் இருந்தவர் 376 பேர். அவர்களுள் 169 பேர் பெரிபெரியால் பீடிக்கப்பட்டார்கள். 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவரான தகாக்கி கனேஹிரோ இதற்குக் காரணம் உணவே என்று கருதினார். 1884இல் 'த்சுகுபா' என்ற கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்து, சோற்றைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி முதலியவற்றைக் கூட்டி அளித்தார். நோய் கண்டவர் மிகச் சிலரே. பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. பிறகு கடற்படையில் அரிசியோடு வாற்கோதுமை கலந்து சமைக்கும் முறை ஏற்பட்டது. குறைவது புரதச் சத்து என்று தகாக்கி எண்ணியது பிழையே. ஆயினும் அவர் அளித்த மருந்து சரியானதாக இருந்தது. தரைப்படை மருத்துவர்களோ இதனை ஏற்க மறுத்தார்கள். அதன் விளைவாக 1904–05ஆம் ஆண்டுகளில் நடந்த ருசியப் போரின்போது பெரிபெரியால் மாண்ட தரைப்படை வீரர்கள் 27,000 பேருக்கும் மேல். 1910இல் சுசுகி உமேதாரோ அரிசித் தவிட்டிலிருந்து நோயைத் தடுக்கும் சத்தினைப் பிரித்தெடுத்த பிறகே உண்மைக் காரணம் துலங்கலாயிற்று. தீட்டித் தள்ளிய தவிட்டிலேயே உயிரைக் காக்கும் சத்து இருந்தது!

இவ்விடத்தில் நம் மக்களைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். மலேயாவில் பணியாற்றிய பிராட்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1907இல் பெரிபெரியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அங்கே பச்சை வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே அந்நோய் மிகுந்திருக்க, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரிதும் தப்பியிருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்கள் காரணம் அறியாமலே செய்துவந்த காரியம், கடல் கடந்து சென்ற ஏழை மக்களின் உயிரைக் காத்தது. புழுங்கல் அரிசியை இழிவாகவும், பளபளக்கும் வெள்ளை அரிசியை உயர்வாகவும் கருதும் எண்ணம் எங்கேனும் தலைதூக்கினால், இச்செய்தியை அங்கே எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, போருக்குப் பிந்திய கிராமங்களுக்கு வருவோம். 1948இல் ஜப்பானில் வேளாண்மை முன்னேற்றச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி வயல் வேலைக்கு வழிகாட்டப் பணியாளர்களை அமர்த்தியதோடு நில்லாமல், வீட்டு வாழ்வைத் திருத்துவதற்கென்றே பெண் பணியாளர்களையும் அமர்த்தினார்கள். வேளாண்மை அமைச்சகத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு தோன்றி, யமமோதோ மட்சுயோ என்ற அம்மையார் அதன் தலைமையை ஏற்றார். பச்சை வண்ணச் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்ற இப்பெண்களின் பணி எளிதாக இருந்ததென்று எண்ண வேண்டாம். மருமகள் மாமியாரின் சொல்லுக்கு மறுசொல் பேச இயலாத வீடுகள் அவை. விடியுமுன் எழுந்து வயலில் ஆணோடு சரிக்குச் சரி உழைத்து, இருட்டியபின் அடுப்பு மூட்டும் பெண்ணுக்குச் சத்துணவைப் பற்றிப் பிரசங்கம் செய்து என்ன பயன்?

ஆகவே அவர்கள் உணவிலிருந்து தொடங்கவில்லை, அடுப்பிலிருந்து தொடங்கினார்கள். பழைய 'கமாதோ' அடுப்பு மண் தரையில் தாழ்வாக இருந்தது. புகைபோக்கி கிடையாது. குனிந்தே வேலை செய்ததால் முதுகு வளைந்தது; புகையால் கண் கெட்டது; விறகும் வீணாயிற்று. புகைபோக்கி வைத்து, நின்றுகொண்டு சமைக்கும் உயரத்தில் அடுப்பைக் கட்டிக்கொள்வது முதல் வேலையாயிற்று. இதற்குப் பணம் ஏது? மாதர்கள் குழுக்களாகக் கூடி, கோழி முட்டை விற்ற காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்தும், முறைவைத்து ஒருவருக்கொருவர் உதவியும் தம் அடுப்புகளை மாற்றிக்கொண்டார்கள். நேரமும் கண்ணும் முதுகும் மிஞ்சிய பிறகு, எதைச் சமைப்பது என்ற கேள்வி தானே எழுந்தது. நடவுக் காலத்தில் பல வீட்டுக்கும் சேர்த்து ஓரிடத்தில் சமைக்கும் கூட்டுச் சமையலும், பால் தரும் ஆடு வளர்ப்பும், விளைந்த காயை விளையாத காலத்துக்குப் பதப்படுத்தி வைப்பதும் இவ்வாறே பரவின. சிந்திக்கும் உழவரை உருவாக்குவதே அப்பணியின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆணையிட்டுத் திருத்துவதைவிட, குறையைத் தாமே கண்டு தாமே திருத்திக்கொள்ளச் செய்வது நிலைத்து நின்றது.

அளந்து சமைக்கும் வழக்கமும் அக்காலத்தில்தான் வீடுகளுக்குள் வேரூன்றத் தொடங்கியது. பெரிபெரி ஆராய்ச்சியில் ஈடுபட்ட மருத்துவரான ககாவா அயா என்ற அம்மையார், 1948இல் சமையலுக்கென 200 மில்லி லிட்டர் கிண்ணத்தையும், 15 மில்லி லிட்டர், 5 மில்லி லிட்டர் கரண்டிகளையும் வகுத்தளித்தார். கைப்பழக்கத்தால் மட்டுமே வந்த சமையல், எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய கல்வியாக மாறியது. எவ்வளவு உப்பு இடுகிறோம் என்பதையும் அப்போதுதான் அளந்து பார்க்க முடிந்தது.

அந்த உப்பே இரண்டாவது பெருங் குறை. 1951 முதல் 1980 வரை ஜப்பானியரின் இறப்புக்குத் தலையாய காரணமாக இருந்தது மூளை இரத்தக் குழாய் நோய், அதாவது பக்கவாதத்தை உண்டாக்கும் நோய். வடபகுதியில் பனி மூடிய மாதங்களில் ஊறுகாயும் உப்பிட்ட மீனும் மிசோ சாறுமே சோற்றுக்குத் துணை. 1950களில் அகிதா போன்ற வட்டாரங்களில் ஒருவர் ஒரு நாளில் 20 கிராமுக்கும் மேலாக உப்பு உட்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் இன்று கூறும் வரம்போ 5 கிராமுக்கும் குறைவு. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் பழமொழி. உப்பு மிகுந்த பண்டம் மனிதனையே சாய்த்துவிடும் என்பதை அவ்வட்டார மக்கள் தம் வீடுகளில் கண்டார்கள். உழைக்கும் வயதில் ஆண்மகன் சாய்வதும், எஞ்சிய ஆண்டுகளெல்லாம் மனைவியோ மருமகளோ படுக்கையருகில் இருப்பதும் அங்கே வழக்கமாய் இருந்தன.

மலைகள் சூழ்ந்த நகானோ மாநிலம் இதற்கு விடை கண்டது. 1960களின் நடுவில் பக்கவாத இறப்பில் நாட்டிலேயே மிக மோசமான இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே சாக்கு மத்திய மருத்துவமனைக்கு 1945இல் வந்து சேர்ந்த வகாட்சுகி தோஷிகாசு என்ற மருத்துவர், நோயாளி வரட்டும் என்று காத்திராமல் தாமே கிராமங்களுக்குச் சென்றார். சொற்பொழிவைவிட நாடகம் மக்கள் மனத்தில் பதியும் என்று கண்டு, மருத்துவமனை ஊழியர்களைக் கொண்டே நாடகங்கள் நடத்தினார். 1959இல் யாச்சிஹோ என்னும் கிராமத்தில் ஊரார் அனைவருக்கும் ஆண்டுதோறும் உடற்சோதனை செய்யும் திட்டம் தொடங்கப்பட்டது. 1976இல் அவருக்கு மகசேசே பரிசு வழங்கப்பட்டது.

மருத்துவர் ஒருவரால் மட்டும் இது முடிந்ததன்று. 1945இல் தகாஹோ என்ற கிராமத்தில், ஓயாது உழைத்த சுகாதாரச் செவிலிக்கு உதவ ஊர்ப் பெண்கள் முன்வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததே நகானோவின் சுகாதாரத் துணைவியர் முறை. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவதால், காலப்போக்கில் தெருவுக்குத் தெரு இப்பயிற்சி பெற்ற பெண்கள் இருந்தார்கள். அவர்கள் உப்பு அளக்கும் கருவியோடு வீடுகளுக்குச் சென்று மிசோ சாற்றின் உப்பைச் சோதித்தார்கள். "சாற்றை விட்டுவிடுங்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை. "காய்களை நிறைய இடுங்கள், நீர் குறையும், உப்பும் குறையும்" என்றார்கள். ஊறுகாயை வேண்டாமென்று சொல்லாமல் சிறு தட்டில் வைக்கச் சொன்னார்கள். 1981இல் மாநிலம் முழுவதும் உப்பைக் குறைக்கும் இயக்கம் நடந்தது. விளைவு என்ன? 2010ஆம் ஆண்டுக் கணக்கில் நகானோ ஆண்களின் சராசரி ஆயுள் 80.88, பெண்களின் ஆயுள் 87.18. இருபாலாரிலும் நாட்டின் முதலிடம் அம்மாநிலத்துக்கே. 2012ஆம் ஆண்டு ஆய்வில் காய்கறி மிகுதியாக உண்பவர்களும் அவர்களே எனத் தெரிந்தது.

குழந்தைகளுக்கு என்ன செய்தார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்வோம். போருக்குப் பின் 1946 டிசம்பரில் அயல்நாட்டு உதவிப் பொருள்களைக் கொண்டு பள்ளி உணவு மீண்டும் தொடங்கியது. 1954இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. முதலில் ரொட்டியும் பால் மாவுமே பெரும்பாலும் தரப்பட்டன. 1976 முதல் சோறு முறைப்படி இடம்பெற்றது. பல பள்ளிகளில் குழந்தைகளே வெள்ளைத் தொப்பி அணிந்து, தம் வகுப்புக்கு உணவு பரிமாறி, ஆசிரியரோடு சேர்ந்து உண்டு, பாத்திரங்களைத் திருப்பி அடுக்குகிறார்கள். உணவு நேரமும் பாட நேரமே என்பது அவர்கள் கொள்கை. 2005இல் உணவுக் கல்விக்கென்றே அடிப்படைச் சட்டம் ஒன்றும் இயற்றினார்கள்.

நண்பர்களே, ஒருபக்க வரலாற்றை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. பெற்ற நலம் எப்போதும் நிற்குமென்று கருதக்கூடாது என்பதற்கு ஒகினாவாத் தீவுகளே சான்று. வள்ளிக்கிழங்கு, தோஃபு, பாகற்காய், கடற்பாசி ஆகியவற்றை உண்டு முதியோர் பலர் நூறாண்டு வாழ்ந்த இடம் அது. 1985இல் ஆண்களின் ஆயுளில் நாட்டின் முதலிடம் அதற்கு இருந்தது. 2000ஆம் ஆண்டுக் கணக்கிலோ அது 26ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது. கிழங்கும் காயும் குறைந்து, கொழுப்பு மிகுந்த விரைவு உணவும் தகர டப்பி இறைச்சியும் பெருகி, எங்குச் செல்வதற்கும் மோட்டார் என்று ஆனமையைக் காரணமாகக் கூறுகிறார்கள். பாட்டன் உண்டதன் பயன் பேரனுக்குத் தானாக வந்து சேராது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி ஜப்பானியப் பெரியவர்கள் உட்கொண்ட உப்பு நாளொன்றுக்குச் சராசரி 10.1 கிராம். பணி இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

மற்றொன்றும் உண்டு. மூன்று கறி என்ற இலக்கணம் சமைப்பவளின் தலையில் பாரமாகிவிடக்கூடாது. வேலைக்குச் சென்று திரும்பும் பெண், தினமும் மூன்று கறி செய்ய இயலவில்லையே என்று மனம் நொந்துபோவது ஜப்பானிலும் உண்டு. தோய் யோஷிஹாரு என்ற சமையற்கலை அறிஞர் 2016இல் வெளியிட்ட நூலில், அன்றாடத்துக்குச் சோறும், காய் நிறைந்த சாறும், ஊறுகாயுமே போதும் என்று எழுதினார். அந்நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. பலருடைய மனப்பாரத்தை அது இறக்கி வைத்ததே காரணமாக இருக்க வேண்டும். சமைப்பவர் சோர்ந்து போகும் வீட்டில் எந்தச் சத்துணவும் நிலைக்காது. பச்சை நிறச் சைக்கிளில் வந்த பெண்கள் அடுப்பிலிருந்து தொடங்கியதன் அறிவும் இதுவே.

ஆகவே, மிசோவையும் தோஃபுவையும் தேடிச் செல்லுங்கள் என்று நாம் உங்களுக்குச் சொல்ல வரவில்லை. அவர்கள் தம் உணவை விட்டுவிடவில்லை; அதன் குறையை மட்டும் அளந்து கண்டு திருத்தினார்கள். சோற்றை விடாமல் தவிட்டின் சத்தைத் திரும்பப் பெற்றார்கள். சாற்றை விடாமல் உப்பைக் குறைத்தார்கள். உண்பவர் நலத்தைப் பேசுமுன் சமைப்பவர் முதுகை நிமிர்த்தினார்கள். நீங்களும் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அறிவுரையை வாயிற்படியிலேயே விட்டுவிட்டு, அடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, புகை எங்கே போகிறது, உப்பை யார் எந்தக் கையளவால் இடுகிறார்கள், கடைசியாக உண்பவர் யார், அவர் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்று முதலில் பாருங்கள். அந்தக் கடைசித் தட்டு நிறைந்திருக்குமானால் அந்த வீடு நலம் பெறும் வீடு. அதனைக் கண்டறிந்து நிறைக்கும் பணி உங்கள் கையில் இருக்கிறது.